பாதியில் நின்ற படி: மோட்டார்ஹோம் எலெக்ட்ரிக் ஸ்டெப் பழுது ஒன்றின் முழு விவரம்

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஃபோர்ட் எஃப்-53 சேஸிஸ் (வண்டியின் இரும்பு அடிச்சட்டம்), 6.8 லிட்டர் வி10 பெட்ரோல் எஞ்சின், 31 அடி நீளம். டெட்ராய்ட் பக்கத்தில் ஒரு வயதான தம்பதியிடமிருந்து வாங்கினோம், அப்போதே வண்டிக்குப் பதினான்கு வயது. ஒவ்வொரு ஜனவரியும் குளிர் தாங்காமல் ஃப்ளோரிடாவுக்கு ஓட்டிப்போய் ஏப்ரலில் திரும்பி வருவார்களாம். "பரவாயில்லை, சும்மா நிற்காமல் ஓடிய வண்டி" என்று மட்டும்தான் நான் அதை எடுத்துக்கொண்டேன். ஜனவரியில் மிச்சிகன் சாலையில் ஓடியது என்றால் அடிப்பாகம் முழுக்க உப்புத் தண்ணீரில் குளித்திருக்கிறது என்று அர்த்தம், அது அப்போது மண்டையில் ஏறவில்லை. பனியை உருக்க இங்கே சாலையில் கொட்டுகிற உப்பு கொஞ்சநஞ்சமல்ல. டெட்ராய்ட் நகருக்கு நேர் கீழே, ஆயிரம் அடிக்கும் கீழான ஆழத்தில், ஒரு உப்புச் சுரங்கமே இருக்கிறது. இந்த உப்பு கதையில் மறுபடியும் வரும்.

மோட்டார்ஹோம் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. வீடும் வண்டியும் ஒன்றாக இருக்கிற சாதனம் இது, தரை மட்டம் உயரம், பக்கவாட்டுக் கதவைத் திறந்து அப்படியே இறங்க முடியாது. அதற்காகத்தான் கதவுக்கு அடியில் இரண்டு தட்டு வைத்த ஒரு இரும்புப் படி மடங்கி உட்கார்ந்திருக்கும். கதவைத் திறந்தால் ஒரு 12 வோல்ட் மோட்டார் அதை வெளியே தள்ளும், மூடினால் உள்ளே இழுத்துக்கொள்ளும். கதவுச் சட்டத்தில் ஒரு காந்த ஸ்விட்ச், கதவில் அதற்கு நேராக ஒரு காந்தம். படிக்குப் பக்கத்திலேயே கண்ட்ரோலர் என்று ஒரு சின்னப் பெட்டி. கதவுக்கு உள்பக்கச் சுவரில் ஒரு ஸ்விட்ச், அதை ஆஃப் செய்தால் வெளியே வந்த படி அப்படியே நிற்கும், கதவை எத்தனை தடவை திறந்து மூடினாலும் அசையாது. அந்த நிலையிலும் சாவியைப் போட்டுக் கதவைச் சாத்தினால் படி உள்ளே போய்விடும், இறங்கிய படியோடு யாரும் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக.

சரி, பழுதுக்கு வருவோம்.

மிச்சிகனின் மேல் தீபகற்பத்தில் டக்வாமெனான் அருவிப் பூங்காவில் தங்கியிருந்தோம். மேல் அருவி 200 அடி அகலம், 50 அடி போல உயரம், தண்ணீர் பால் ஊற்றாத டீ நிறத்தில் விழும். சுற்றியுள்ள தேவதாரு சதுப்புகளின் சாயம் அது. ஈரோட்டிலிருந்து வந்திருந்த அத்தை, அதாவது என் மாமியார், சாயங்காலம் டீ டம்ளரோடு கதவைத் திறந்து, கீழே பார்க்காமல் காலை வைத்தார். படி பாதிதான் வந்திருந்தது. அது பாதியில் நின்றால் தட்டு சமமாக இருக்காது, முன்பக்கம் தூக்கிக்கொண்டு சாய்வாக நிற்கும். நல்லவேளை, ஒரு கை கைப்பிடியில் இருந்தது. முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்ததோடு போயிற்று, டம்ளர் மட்டும் போனது. வலியை விட அவருக்கு ஆச்சரியம்தான் அதிகம்: "ஏனுங்க மாப்பிள்ளை, இதுக்கு ஒரு முக்காலி போட்டா போதாதுங்களா?"

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. படி அப்படிச் செய்வது முதல் தடவை இல்லை என்பதுதான் உறுத்தியது. அந்த வருடம் மே மாதத்திலிருந்தே எப்போதாவது மெதுவாக வரும், எப்போதாவது பாதியில் நிற்கும், கதவை மறுபடி மூடித் திறந்தால் சரியாகிவிடும். சரியாகிவிடுகிறதே என்று விட்டுவைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் உட்கார்ந்து பத்துத் தடவை கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் படி டக்கென்று வந்து டக்கென்று போகிறது. எஞ்சினை அணைத்துவிட்டால் பத்தில் நாலு தடவை நடுவிலேயே நின்றுவிடுகிறது, வந்தாலும் முனகிக்கொண்டு வருகிறது. இதை விட நல்ல துப்பு ஒரு பழுதில் கிடைக்காது. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கிறது, அணைத்தால் பேட்டரியின் பன்னிரண்டு சொச்சம்தான். அந்த இரண்டு வோல்ட் வித்தியாசத்தில் படி தடுமாறுகிறது என்றால் வழியில் எங்கோ வோல்ட் தொலைகிறது. இன்று இதை இவ்வளவு தெளிவாக எழுதுகிறேன், அன்றைக்கு "பேட்டரி வீக்" என்ற ஒரே வரியில் முடித்துவிட்டேன். கேம்ப் கிரவுண்ட் கரண்டில் சொருகியிருந்தோமே, பேட்டரி எப்படி வீக்காகும் என்று கேட்கலாம். என் வண்டியில் அந்தக் கரண்ட் வீட்டுப் பக்க பேட்டரியைத்தான் சார்ஜ் செய்யும், படிக்கு இணைப்பு எஞ்சின் பேட்டரியிலிருந்து. பல வண்டிகளில் இப்படித்தான், உங்கள் வண்டியில் எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் நாளில் படி உள்ளே போகவே மறுத்தது. எஞ்சினை ஓட்டிப் பார்த்தும் பாதிதான். இதை எழுதக் காரணம், நடுவழியில் யாருக்கும் இது நடக்கலாம். முதலில் சுவர் ஸ்விட்சை ஆஃப் செய்து ஃப்யூஸையும் பிடுங்கினேன். மோட்டாரையும் படியின் கை அமைப்பையும் இணைக்கிற இடத்தில் விரல் பருமனுக்கு ஒரு பின் இருக்கும், அதன் முனையில் அது கழன்று விழாமல் பிடிக்கிற, காலை வளைத்துவிட்ட ஸ்பிளிட் பின். ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி எடுத்து, பெரிய பின்னைத் தட்டி வெளியே எடுத்தால் படி மோட்டாரிலிருந்து விடுபட்டு கையால் தள்ளும்படி ஆகிவிடும். தள்ளி, துணி காயப்போட வைத்திருந்த நைலான் கொடிக்கயிற்றால் சேஸிஸோடு நாலு சுற்றுக் கட்டினேன். ஏறக்குறைய 350 மைல், ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் குனிந்து முடிச்சைப் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம். அந்தப் பின்னை எடுக்கும்போது ஒன்றைக் கவனித்தேன், அப்போது அதற்கு மதிப்புக் கொடுக்கவில்லை: பின்னை எடுத்த பிறகும் படி லேசாகப் போகவில்லை. முக்கால் தூரத்தில் ஒரு இடத்தில் பிடித்து, இடுப்பால் முட்டித்தான் உள்ளே போயிற்று.

வீட்டில் நான் செய்த தப்புகள்

ஃப்யூஸ் நன்றாக இருந்தது. எஞ்சின் பேட்டரி 12.5 வோல்ட். அடுத்து காந்த ஸ்விட்ச். என் படியில் காந்தம் பக்கத்தில் இருந்தால் உள்ளே உள்ள தொடர்பு சேர்ந்து எர்த் (பேட்டரி மைனஸுக்குக் கரண்ட் திரும்பிப் போகிற வழி) கிடைக்கும், கண்ட்ரோலர் அதை "கதவு மூடியிருக்கிறது" என்று எடுத்துக்கொள்ளும். கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு ஸ்விட்ச் மேல் ஒரு காந்தத்தை வைத்து எடுத்தால் போதும், படி உள்ளே போய் வெளியே வர வேண்டும். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த மதுரைக் கோபுரக் காந்தத்தை எடுத்து வந்து வைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஸ்விட்ச் போய்விட்டது என்று குதித்தேன். அந்த ரப்பர் தகடு மாதிரியான காந்தத்துக்கு அவ்வளவு சக்தி கிடையாது என்று மகன்தான் தன் விளையாட்டுச் சாமான் பெட்டியிலிருந்து ஒரு உருண்டைக் காந்தத்தைக் கொண்டுவந்து நிரூபித்தான். ஸ்விட்ச் நன்றாகவே இருந்தது.

அப்புறம் கண்ட்ரோலருக்குப் போகும் கனெக்டரைக் கழற்றி, அதில் மீட்டரை வைத்தேன். 12.4 வோல்ட். "கரண்ட் வருகிறது, எர்த் இருக்கிறது, ஸ்விட்ச் வேலை செய்கிறது, ஆகவே கண்ட்ரோலர் போயிற்று" என்று கணக்குப் போட்டு, புது கண்ட்ரோலர் ஒன்று ஆர்டர் செய்தேன். நூற்று எண்பது டாலர் சொச்சம். நாலு நாளில் வந்தது, மாட்டினேன், முதல் இரண்டு தடவை ஜோராக வந்தது, மூன்றாவது தடவை அதே பாதி, அதே முனகல்.

இப்படி ஊகத்தில் பொருள் வாங்கி மாற்றுவது எனக்குப் பழைய வியாதி. கண்ட்ரோலரைக் குறை சொல்ல முடியாது, அதைச் சோதித்துப் பார்க்காமலே குற்றவாளி ஆக்கியது நான்தான். வயர் நிறத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: சிவப்பு இதற்கு, மஞ்சள் அதற்கு என்று ஒரு படம் பார்த்து வைத்துக்கொண்டு போனேன், வண்டியைக் கட்டியவர்கள் தங்களிடம் இருந்த வயரைப் போட்டிருந்தார்கள், கனெக்டருக்கு அந்தப் பக்கம் நிறமே வேறு. மீட்டர் வைத்துப் பார்க்காமல் நிறத்தை நம்பி எதையும் வெட்டாதீர்கள்.

அடுத்த சந்தேகம் மோட்டார். இது ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்தேன். மோட்டாருக்குப் போகிற இரண்டு வயர் கனெக்டரைக் கழற்றி, புல் வெட்டும் டிராக்டரின் பேட்டரியைத் தூக்கி வந்து, நடுவில் ஒரு 20 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்து நேரடியாகக் கொடுத்தேன். படி பாய்ந்து வந்தது. பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்தால் பாய்ந்து உள்ளே போயிற்று. முட்டியதும் உடனே வயரை எடுத்துவிட வேண்டும், இந்தச் சோதனையில் நிறுத்துவதற்குக் கண்ட்ரோலர் இல்லை. விரலையும் முகத்தையும் தள்ளி வைத்துக்கொண்டு செய்யுங்கள். அந்தக் கைகள் கத்தரிக்கோல் மாதிரி மூடுகிறவை, நடுவில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

ஆக, மோட்டார் நல்லது. கண்ட்ரோலர் புதுசு. ஸ்விட்ச் நல்லது. கரண்ட் 12.4. எல்லாமே நல்லது, படி மட்டும் வரவில்லை.

நாமக்கல்லுக்கு ஒரு வீடியோ கால்

என் சித்தப்பா நாமக்கல்லில் முப்பது வருடத்துக்கு மேல் லாரி எலெக்ட்ரிக்கல் வேலை பார்த்தவர். மோட்டார்ஹோமைக் கண்ணால் பார்த்ததில்லை. ஞாயிறு காலை பேசும்போது பேச்சுவாக்கில் சொன்னேன், போனைத் திருப்பிக் காட்டச் சொன்னார்.

"கண்ணு, அந்த மீட்டரக் கீழ வெச்சுட்டு பழைய ஹெட்லைட் பல்பு ஒண்ணு எடுத்துக்க."

"எதுக்குங்க சித்தப்பா, பன்னெண்டரை காட்டுதுங்களே."

"காட்டும். வேல குடுக்காமக் கேட்டா எவனும் நல்லாத்தான் இருக்கேம்பான். பல்பக் குடுத்துட்டு அப்புறம் மீட்டர வையி. எர்த்தையும் பாரு, வெறும் பிளஸ்ஸையே பாத்துட்டு நிக்காத."

எனக்குச் சுருக்கென்றது. மின்சாரம் படித்தவன் நான், அவர் சொன்னதற்குப் பாடப்புத்தகத்தில் பெயரே இருக்கிறது. மீட்டர் தனியாக வைக்கும்போது அது இழுக்கிற கரண்ட் ஒன்றுமே இல்லை, அதனால் துருப்பிடித்த இணைப்பு வழியாகக்கூட முழு வோல்ட் தெரியும். மாடி டேங்க் நிறையத் தண்ணீர் இருந்து கீழே குழாய்க்குள் பாசி அடைத்திருந்தால், குழாயை மூடி வைத்திருக்கும் வரை பிரஷர் பக்காவாகத்தான் இருக்கும். திறந்து வாளியை வைக்கும்போதுதான் நூலாக வரும்.

பழைய பல்பின் ஹை, லோ இரண்டு இழையையும் சேர்த்துக் கட்டினேன், 65 வாட்டும் 55 வாட்டும். முழு வெளிச்சத்தில் ஒன்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும், படி மோட்டார் உழைக்கிற அளவுக்குக் கிட்டத்தட்ட வரும். கண்ட்ரோலர் கனெக்டரில் பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் கொடுத்தேன். வெள்ளையாக எரிய வேண்டிய பல்பு, கோயில் விளக்கு மாதிரி மஞ்சளாக எரிந்தது. மீட்டர் வைத்துப் பார்க்கக்கூடத் தேவையில்லை, வைத்தேன்: 8.8 வோல்ட். சும்மா இருந்தபோது 12.4 காட்டிய அதே இடத்தில்.

மூன்றரை வோல்ட் எங்கே போயிற்று? இதைக் கண்டுபிடிப்பதற்கு பல்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸில், நீளமான வயர் ஒன்று போட்டு இன்னொரு முனையைக் கனெக்டரின் பிளஸ்ஸில் வைத்தேன்: 0.4 வோல்ட். கொஞ்சம் அதிகம், பரவாயில்லை. அதே மாதிரி பேட்டரி மைனஸிலிருந்து கனெக்டரின் எர்த் வரை: 3.2 வோல்ட். அந்த எண்ணைப் பார்த்ததும் கீழேயே உட்கார்ந்துவிட்டேன். 12.4-இல் 0.4 போய், 3.2 போய், மிச்சம் 8.8. கணக்கு ஒரு புள்ளி பிசகாமல் நின்றது. நூற்று எண்பது டாலர் கொடுத்து நான் மாற்றியது நன்றாக இருந்த ஒரு பெட்டியை.

எர்த் எங்கே போயிற்று

கண்ட்ரோலரின் எர்த் வயர் ஒரு ரிங் லக்கில், அதாவது போல்ட்டில் மாட்டுகிற வளைய முனையில், முடிந்து, படியின் சட்டத்தில் ஒரு போல்ட்டில் முறுக்கப்பட்டிருந்தது. படிச் சட்டம் வண்டித் தரைக்குக் கீழே உள்ள ஒரு இரும்புக் கோணத்தில் நாலு போல்ட்டில் தொங்குகிறது, அந்தக் கோணம் சேஸிஸில் போல்ட் செய்யப்பட்டிருக்கிறது, சேஸிஸிலிருந்து பேட்டரி மைனஸுக்குத் தடித்த கேபிள். அதாவது எர்த் என்று தனி வயரே கிடையாது, மூன்று இடத்தில் இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டிருப்பதை நம்பியே அத்தனை கரண்டும் திரும்பிப் போக வேண்டும். புதுசில் அது போதும். பதினான்கு குளிர்காலத்து உப்புக்குப் பிறகு?

அந்த ரிங் லக் போல்ட்டை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன், மேலே கறுப்பு பெயின்ட், இறுக்கமாக இருந்தது, நல்லது என்று விட்டிருந்தேன். இப்போது ஸ்பேனர் போட்டுக் கழற்றினால் தலைக்குக் கீழே பெயின்ட் ஒரு தோல் மாதிரி உரிந்து வந்தது, உள்ளே ரிங் லக்கின் தகரப் பூச்சு போய்ப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது, போல்ட் உட்கார்ந்த இடத்தில் செதில் செதிலாகத் துரு. ஒரு செதிலை நகத்தால் பெயர்த்தேன், கருவாட்டுச் செதில் மாதிரி கையோடு வந்தது. வயரை லக்கோடு நசுக்கிப் பிடித்த (கிரிம்ப்) இடத்துக்குள்ளும் பச்சை. வயரை ஓர் அங்குலம் உரித்தேன், செம்பு கறுத்திருந்தது. இன்னும் இரண்டு அங்குலம் தள்ளி உரித்த பிறகுதான் பளபளப்பான செம்பு வந்தது.

போல்ட்டைச் சுத்தம் செய்து திரும்ப மாட்டியிருந்தால் அன்றைக்குப் படி வந்திருக்கும். ஆனால் மற்ற இரண்டு இரும்புத் தொடர்புகள் அப்படியே இருக்குமே. அதனால் தனி எர்த் வயரே இழுத்துவிட்டேன்: படகுகளுக்கு விற்கிற, வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி உள்ள, தடித்த 10 கேஜ் வயர், கனெக்டரிலிருந்து நேராக சேஸிஸில் பேட்டரி எர்த் கேபிள் உட்காருகிற அதே போல்ட்டுக்கு. இரண்டு முனையிலும் உள்ளே பசை வைத்த, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கிற ஹீட் ஷ்ரிங்க் குழாய். சேஸிஸில் உட்காரும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் போட்டு வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்து, பல் வைத்த வாஷர் ஒன்று கொடுத்து முறுக்கி, அதன் மேல் பெயின்ட் அடித்தேன். முறுக்கிய பிறகுதான் பெயின்ட், முன்னால் அடித்தால் அதுவே தடுப்பாகிவிடும். பழைய ரிங் லக்கையும் வெட்டி எறிந்து புதுசு போட்டு அதே சட்டத்தில் கூடுதலாக மாட்டிவிட்டேன். பிளஸ் பக்கத்தில் ஃப்யூஸ் ஹோல்டரின் கால்கள் மங்கலாக இருந்தன, சின்ன பிரஷ்ஷால் தேய்த்தேன்.

மறுபடி அதே பல்பு. வெள்ளையாக எரிந்தது. எர்த் பக்க இழப்பு 0.15 வோல்ட், பிளஸ் பக்கம் 0.25. கனெக்டரில் சரியாக 12 வோல்ட்.

ஆனாலும் முழுசாகத் தீரவில்லை

படி இப்போது எஞ்சின் இல்லாமலே ஒழுங்காக வந்தது. ஆனால் முக்கால் தூரத்தில் ஒரு சின்னத் தயக்கம், மோட்டார் சத்தம் ஒரு கணம் தடித்து மறுபடி இளகுகிறது. கொடிக்கயிறு கட்டிய நாளில் இடுப்பால் முட்டிய இடம் அதேதான்.

ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு மறுபடி அந்தப் பின்னை எடுத்துக் கையால் ஆட்டிப் பார்த்தேன். மொத்தம் எட்டு மூட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு புஷ், அதாவது பின் சுழல்வதற்கான சின்னக் குழல். பின்பக்கத்து மூட்டு ஒன்று, டயர் தண்ணீரை நேராக அடிக்கிற இடத்தில் இருப்பது, துருவில் இறுகி, புஷ்ஷுக்குள் சுழல வேண்டிய பின் புஷ்ஷோடு சேர்ந்தே திரும்பிக்கொண்டிருந்தது. முந்தைய உரிமையாளர் அக்கறையானவர், எல்லா மூட்டிலும் கிரீஸ் அப்பியிருந்தார். அதுதான் வினை. மிச்சிகன் ஏரிக்கரை கேம்ப் கிரவுண்டுகளின் மணல் அந்தக் கிரீஸில் ஒட்டி, கிரைண்டரில் ஆட்டிய மாவு போல ஆகியிருந்தது. எட்டில் ஐந்து புஷ் லேசாகத் தேய்ந்திருந்தன, இறுகிப்போன ஒன்றை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. துரு இளக்கும் எண்ணெயை ராத்திரி அடித்து ஊறவிட்டு, காலையில் மரக்கட்டை வைத்துத் தட்டி எடுத்தேன். எடுக்கும்போது பின்னும் கெட்டது, புஷ்ஷும் பின்னும் சேர்த்து பதினெட்டு டாலர்.

இப்போது மொத்தப் பழுதும் எனக்குப் புரிகிறது. என் வண்டியில் உள்ள வகையில் படி எங்கே நிற்க வேண்டும் என்று சொல்ல எல்லையில் ஸ்விட்ச் எதுவும் கிடையாது. படி கடைசியில் முட்டி மோட்டார் திணறும், திணறினால் கரண்ட் ஏறும், ஏறுவதைப் பார்த்துக் கண்ட்ரோலர் "வந்து சேர்ந்துவிட்டது" என்று நிறுத்தும். நடுவழியில் ஒரு மூட்டு இறுகி, அதே நேரத்தில் எர்த் கெட்டு மோட்டாருக்கு வோல்ட்டும் பத்தாமல் போனால், நடுவழித் திணறலையே அது கடைசி என்று எடுத்துக்கொள்ளும் என்பது என் ஊகம். தனித்தனியாக இருந்தால் இரண்டுமே படியை நிறுத்தியிருக்காது. எர்த் மட்டும் கெட்டிருந்தால் மெதுவாக வந்திருக்கும். மூட்டு மட்டும் இறுகியிருந்தால் முழு வோல்ட்டில் மோட்டார் அதை முட்டித் தாண்டியிருக்கும், டிராக்டர் பேட்டரி வைத்தபோது அதுதான் நடந்தது, நானும் "மெக்கானிக்கல் பக்கம் சரி" என்று முடிவு கட்டிவிட்டேன். நேரடிக் கரண்டில் பாய்ந்து வருவதைப் பார்த்துவிட்டு மூட்டுகளுக்கு நற்சான்று கொடுக்கக் கூடாது, பின்னைக் கழற்றிக் கையால் ஆட்டினால்தான் அந்தப் பக்கம் தெரியும்.

இப்போது என்ன செய்கிறேன்

எல்லா மூட்டையும் பழைய கிரீஸ் போகக் கழுவி, காய்ந்ததும் ஈரமாக ஒட்டாத வகை டெஃப்லான் ஸ்ப்ரே அடித்து, ஐந்தாறு தடவை படியை ஓடவிட்டுத் துடைத்துவிட்டேன். கிரீஸ் தொடுவதே இல்லை. டபிள்யூடி-40 அடித்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: சாதாரண நீல டப்பா துருவை இளக்கும், தண்ணீரை விரட்டும், மூட்டில் தங்கி நிற்காது. ஓடுகிற மாதங்களில் மாதம் ஒரு தடவை ஸ்ப்ரே. குளிர்கால ஸ்டோரேஜிலிருந்து ஏப்ரலில் எடுத்ததும் தோட்டக் குழாயால் அடிப்பாகத்தைக் கழுவுவேன், கண்ட்ரோலர் பெட்டிக்கு நேராகப் பீய்ச்சாமல். ஸ்பிளிட் பின் எல்லாம் இருக்கிறதா, தாங்கு போல்ட் நாலும் இறுக்கமா என்று கையால் தொட்டுப் பார்ப்பேன். பல்பு சோதனை வருடத்துக்கு ஒரு தடவை, எண்ணைக் கதவின் உள்பக்கம் பேனாவில் எழுதி வைக்கிறேன்.

இரண்டு விஷயத்தில் மட்டும் நான் கறார். படிக்குக் கீழே கை விடும்போது சுவர் ஸ்விட்சை ஆஃப் செய்தால் போதும் என்று நினைக்காதீர்கள், ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், யாராவது சாவியைத் திருப்பினால் படி உள்ளே வரும். வண்டியைச் சமப்படுத்துகிற ஹைட்ராலிக் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது, ஹோஸ் ஒன்று போனால் பத்து டன் இறங்கும். நான் பக்கவாட்டில் உட்கார்ந்துதான் எல்லாம் செய்தேன், அடியில் போக வேண்டிய அந்த ஒரு போல்ட்டுக்கு ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுத்தான் போனேன்.

பழக்கத்திலும் ஒரு மாற்றம். முகாமில் நின்றதும் படியை வெளியே விட்டுச் சுவர் ஸ்விட்சை ஆஃப் செய்துவிடுகிறோம். முன்பு ஆனிலேயே வைத்திருப்போம், ஒருத்தர் படியில் நிற்கும்போது உள்ளே இருப்பவர் கொசு வருகிறதென்று கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்று யோசித்ததே இல்லை. அத்தை மறுபடி வந்தபோது, கீழே ஒரு தடவை பார்த்துவிட்டு, காலால் தட்டை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் இறங்கினார். நானும் இப்போது அப்படித்தான் இறங்குகிறேன்.

வேலை முடிந்து இரண்டு சீசன் ஆகிறது. போன ஏப்ரலில் எர்த் பக்கம் 0.15, இந்த ஏப்ரலில் 0.17. வயர், லக், ஹீட் ஷ்ரிங்க், ஸ்ப்ரே, புஷ் எல்லாம் சேர்த்து அறுபது டாலருக்குள்தான் ஆனது. பழைய கண்ட்ரோலரைத் திரும்ப மாட்டிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை, இன்றுவரை அதுதான் ஓடுகிறது. புதியதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றால் கெடு நாள் தாண்டியிருந்தது, அட்டைப் பெட்டியோடு படுக்கைக்குக் கீழே கிடக்கிறது. படிக்குக் கீழே எரிய வேண்டிய சின்ன விளக்கு மட்டும் எரியவில்லை. அதற்கும் பல்பு வாங்குவதற்கு முன் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்.